பெட்டிக்குப் பிடித்த பனி

விஜயதாஸ் ஒரு சாமான் வாங்கப் புறப்பட்டால் குன்னத்துகால் முழுக்கத் தெரிந்துவிடும். ஒரு மண்வெட்டிக்கு மூன்று சந்தை ஏறி இறங்குகிற மனிதர். பெருங்கடவிளைச் சந்தையில் சாளை மீன் விற்கிற பெண்கள் அவர் தலையைக் கண்டதும் கூடையை ஓலையால் மூடிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அதில் அவருக்கு வருத்தமில்லை, கொஞ்சம் பெருமைகூட. ஏமாறாமல் வாங்குவது ஒரு வித்தை, அந்த வித்தையில் தன்னை வெல்ல பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் ஆளில்லை என்பது அவர் எண்ணம்.

நெய்யாற்றின்கரைக் கோர்ட்டுக்கு எதிரே, ஒரு சாயாக்கடைக்கும் முத்திரைத்தாள் விற்பவரின் அறைக்கும் நடுவில் அவருடைய ஜாப் டைப்பிங் கடை இருந்தது. கடைதான் அவருடையது. வேலை முழுக்க மனைவி சுகிர்தபாயுடையது. நாகர்கோவிலில் பெண்ணாக இருந்தபோதே தட்டெழுத்தில் ஹையர் பாசானவள். பத்தொன்பது வயதில் மாலை மாற்றி, வேதக்கோயில் படியிறங்கி, பஸ்ஸேறி இங்கே வந்தாள். வக்கீல் எழுதுகிற கோழிக்கிறுக்கலை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாளைப் பார்க்காமலே அடிப்பாள். விஜயதாஸுக்கு வந்தவர்களை உட்காரவைத்துப் பேசத் தெரியும், சாயா வாங்கத் தெரியும், தாள்களை அடுக்கிக் குத்தத் தெரியும். "நான் மானேஜர் ஆக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார். "அவளுக்க கண்ணும் விரலும்தான் கடை. அதுக்கு ஒண்ணு வந்தா நான் ஷட்டரை இழுத்துப் போட்டுக்கிட்டு மரச்சீனி நடப் போகவேண்டியதுதான்" என்றும் நாலு பேர் கேட்கச் சொல்வார். சொல்வதோடு சரி.

கோர்ட்டுப் பக்கத்தில் மற்றவர்கள் கம்ப்யூட்டர் வைக்கத் தொடங்கியதும் அவரும் வைத்தார். தொண்ணூற்றாறாம் வருஷம். சி.பி.யூவும் பிரிண்டரும் புதிது. மானிட்டர்ப் பெட்டி மட்டும் திருவனந்தபுரத்தில் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து வந்த பழசு, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. ஆனையை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தார்.

அடுத்த வருஷம் வைகாசி பாதியில் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. பகலிலேயே கடைக்குள் இருட்டு. ஒரு நாள் சாயங்காலம் சுகிர்தபாய் விரலை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"இஞ்ச பாருங்கோ, இந்தப் பெட்டியில எழுத்தைச் சுத்திப் பனியாட்டு இருக்கு."

அவசர மனுவுக்காகக் காத்திருந்த வக்கீல் குமாஸ்தா கிருஷ்ணன்குட்டி சிரித்துவிட்டார். "பெட்டிக்கும் பனியோ அக்கா? ஒரு குளிகை பொடிச்சுக் கலக்கிக் குடுங்கோ."

மலையாளம் கலந்த இந்த ஊரில் பனி என்றால் காய்ச்சல். புல்லின்மேல் விழுவது மஞ்சு. சுகிர்தபாய் பிறந்த நாகர்கோவில் பக்கம், கிழக்கே, புல்லில் விழுவதுதான் பனி, உடம்பு சுட்டால் காய்ச்சல். கல்யாணமான புதிதில், மார்கழிக் காலையில் கதவைத் திறந்து "நல்ல பனி" என்று அவள் சொல்ல, மாமியார் பதறிப்போய் குருமிளகுக் காப்பி போட்டுக்கொடுத்த கதை அந்த வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிற கதை. இருபத்தேழு வருஷத்தில் இங்குள்ள எல்லாச் சொல்லும் அவள் நாக்குக்குப் பழகிவிட்டது. இந்த ஒன்று மட்டும் அசந்த நேரத்தில் கிழக்குப் பக்கம் திரும்பிவிடும்.

"மஞ்சுண்ணு சொல்லு பிள்ளே" என்றார் விஜயதாஸ். "ஈரம் ஆக்கும். மழைக்காலத்துல ரப்பர் ஷீட்டே பூத்துப் போகுது. பின்ன இந்தக் கண்ணாடிக்கு என்ன?"

திரையை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். பின்பக்கத்து ஓட்டைகளில் ஊதினார். பனி போகவில்லை. கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்ட லீலாபாய் வீட்டில் பல்பு எரியவிடுவது நினைவுக்கு வந்தது. லீலாபாய் வீட்டுக்குப் பக்கத்து விளைக்காரி. அவளிடம் ஒரு நூறு வாட் பல்பையும் வயரையும் வாங்கிவந்து, மானிட்டருக்கு ஒட்டினாற்போலத் தொங்கவிட்டார். கடை முழுக்க மஞ்சள் வெளிச்சம்.

"இப்போ எங்ஙன உண்டு?"

சுகிர்தபாய் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பார்த்தாள். "கொறஞ்சிருக்கு. இப்போ எழுத்து தெரியுது."

"பாத்தியா! ஈரம் ஓடிப்போச்சு."

அன்று முழுக்க வந்தவர்களிடமெல்லாம் பல்பைக் காட்டிப் பேசினார். வெளிச்சத்தில் தெளிவதும் இருட்டினால் மூடுவதும் பெட்டியின் குணமல்ல, வேறு ஒன்றின் குணம் என்று சொல்ல அங்கே ஆளில்லை. இருந்திருந்தாலும் அவர் காது கொடுத்திருப்பாரா என்பது சந்தேகம்தான். நோயைக் கண்டுபிடித்தவன் தான்தான் என்ற சந்தோஷத்தில் இருக்கிறவனிடம் யார் என்ன சொல்வது?

கர்க்கடக மாதத்தில், ஆடி மழையில், பனி பல்புக்கும் மசியவில்லை. சாயங்காலம் ஆனால் அவளுக்கு வலது நெற்றிப்பொட்டில் தலைவலி. ஒரு மனுவில் வாதியின் பெயரை இரண்டு விதமாக அடித்துவிட்டாள். கிருஷ்ணன்குட்டி முகம் கோணாமல் திரும்பக் கொண்டுவந்தார். அவள் கையில் தப்பு வந்ததை அந்தக் கோர்ட்டு வாசல் அதற்குமுன் பார்த்ததில்லை.

"இது பெட்டிக்க தோஷம்தான். புதுசு ஒண்ணு எடுப்போம்" என்று விஜயதாஸ் முடிவு சொன்னார்.

முடிவு சொல்ல ஒரு நிமிஷம் ஆயிற்று. வாங்குவதற்கு இரண்டு மாதம். கலரா, கறுப்பு வெள்ளையா? எழுத்து மட்டும் அடிக்கக் கலர் எதற்கு? ஆனால் ஆந்திராவில் நர்சிங் படிக்கிற மகள் லிஜா முடித்து வந்தால் அவளுக்கும் உதவ வேண்டாமா? கடைக்கும் ஆகவேண்டும், பந்த் வந்தால் ஆட்டோவில் தூக்கிப்போய் வீட்டில் வைத்து அடிக்கவும் ஆகவேண்டும். அப்படியானால் கனம் கூடாது. பாறசாலையில் ஒருவன் திரையின் புள்ளியைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தான். புள்ளி பொடிசாக இருந்தால் எழுத்து தெளியும், பெரிசாக இருந்தால் கலங்கும், விலை குறைந்ததெல்லாம் பெரிய புள்ளி. அன்றுமுதல் விஜயதாஸ் போகிற ஆபீஸிலெல்லாம் மேசைக்கு மேலே குனிந்து திரையைப் பார்த்தார். சபைக்கூட்டம் முடிந்து வெளியே நிற்கிறபோதும் அதே பேச்சு.

ராத்திரி கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்து சுகிர்தபாய் சொன்னாள். "ஏதாவது ஒண்ணு எடுங்கோ. எனக்குத் தலை பிளக்குது."

"எடி, மானிட்டர் வாங்குறது நெத்தோலி மீனு வாங்குறதாட்டா? ஒருக்கா வாங்கினா பத்து வருஷம் கிடக்கணும். உனக்க கண்ணுக்கு வேண்டித்தானே நான் இங்ஙன அலையுதேன்?"

அது பொய்யில்லை. அவளுக்காகத்தான் அலைந்தார். அவளைப் பார்க்காமல் அலைந்தார், அதுதான் குற்றம்.

சிங்க மாதத்தில், ஆவணியில் ஒரு நாள், வானம் மழை மூடிக்கிடக்க, அவர் காலை ரயிலில் திருவனந்தபுரம் போனார். பாறசாலைக்காரன் சோமன் அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். ஊர்க்காரன் என்றால் கொஞ்சம் இறங்கி வருவான். நாள் முழுக்கக் கடைகடையாகப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் இருட்டினபிறகு வீடு வந்தார். வாங்காமல் வருவதும் அவருடைய வித்தையில் ஒரு பகுதி.

வீட்டில் சுகிர்தபாய் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் வாந்தி எடுக்கப் பாத்திரம். லீலாபாய் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போனிய தாஸண்ணே? மத்தியானம் முதல் கறண்டு இல்ல. இருட்டுக்குள்ள இருந்து அடிச்ச மனுவைத் திருத்தியிருக்கு. தலைவேதனை எடுத்து, சர்த்தியோ சர்த்தி. தனியாட்டு ஆட்டோ பிடிச்சு ஆசுபத்திரிக்குப் போயிட்டு வந்திருக்கு மைனி."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

சுகிர்தபாய் கண்ணைத் திறக்காமலே பேசினாள். "என்னண்ணு கேட்டாவ. பனிண்ணு சொன்னேன். எத்ர நாளாயிண்ணு கேட்டாவ. ரெண்டு மூணு மாசமா வந்து வந்து போவுதுண்ணேன். ஒரு ஊசி. பின்ன குளிகை."

விஜயதாஸ் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. "சூடு இல்லியே. பனி விட்டாச்சு" என்றார் நிம்மதியாக. அவளுக்கு அதற்கு மேல் பேசச் சக்தியில்லை.

விடிந்ததும் வலது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"செங்கண்ணு ஆக்கும்" என்றாள் லீலாபாய். "பனிக்க பின்னால வரும். எனக்க மாமிக்கும் வந்துது." நந்தியார்வட்டப் பூவைப் பிழிந்து நீரை விட்டாள். ஒரு வாரம் சுகிர்தபாய் கடைக்கு வரவில்லை. வெளிச்சம் படாத அறையில் ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு கிடந்தாள். வலி பொறுக்காதபோது சுவர்ப்பக்கம் திரும்பி வேதப்புத்தகச் சங்கீதம் முணுமுணுப்பாள். பிறகு மெல்ல வலி குறைந்தது. சிவப்பும் கொஞ்சம் மங்கியது. எழுந்து சாளைக்கறி வைத்தாள். உப்பு ஏறியிருந்தது, விஜயதாஸ் சோற்றைக் கூட்டிப் பிசைந்து சாப்பிட்டார்.

"நாளைக்கு நீயும் வா" என்றார். "நீதானே அடிக்கப்போறது. நீயே நோக்கி எடு."

சோமனின் கடை முதல் மாடியில் இருந்தது. படியேறும்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கிடந்து எழுந்த உடம்பு என்று அவர் நினைத்தார். சோமன் இரண்டு மானிட்டர்களை அடுத்தடுத்து வைத்து ஒரே பக்கத்தை இரண்டிலும் காட்டினான்.

"அண்ணே, இது பொடிப் புள்ளி. அது பெரிசு. விலையில வித்தியாசம் உண்டு. ஆனா கோர்ட்டு வேலைக்கு இதை எடுங்கோ."

விஜயதாஸ் சட்டைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு திரையையும் மூலைமூலையாகப் பார்த்தார். பொடிப் புள்ளியில் எழுத்து கடைந்தெடுத்த மாதிரி நின்றது. மற்றதில் ஓரம் சிதறியிருந்தது. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும் வித்தியாசம். ஆனாலும் கேட்டார்.

"சுகிர்தா, நல்லோணம் நோக்கு. எதுல தெளிவு?"

அவள் முகத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தாள். கிட்டே போனாள். பின்னால் வந்தாள்.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. ரெண்டுலயும் அந்தப் பனி இருக்கு."

"பனியோ?" சோமனுக்குப் புரியவில்லை.

"மஞ்சு, மஞ்சு" என்றார் விஜயதாஸ். "எழுத்துக்கு மேல மூடலாட்டு."

"புத்தம்புது சாதனம் அண்ணே! பெட்டி பொளிச்சது இப்போதான்." சோமன் கோபத்தோடு மூன்றாவது ஒன்றைப் பிரித்து வைத்தான். அதிலும் பனி என்றாள்.

விஜயதாஸுக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம் வந்தது. தன் பூதக்கண்ணாடி பொடிப் புள்ளியில் ஒரு குறையும் காணவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் பேரத்துக்கு இப்படி ஒரு பிடி கிடைத்தால் யார் விடுவார்?

"கேட்டியா சோமா? முப்பது வருஷமா எழுத்தையே நோக்கிட்டிருக்குற கண்ணு ஆக்கும். அது சொல்லுது ஒண்ணுலயும் தெளிவு இல்லண்ணு. என்னாலும் ஊர்க்காரன்லா, வந்தது வந்தாச்சு, எடுக்கேன். பெரிய புள்ளிக்க விலைக்கு இந்தப் பொடிப் புள்ளியைத் தா."

சோமன் தலையில் கை வைத்தான். வாதாடினான். விஜயதாஸ் எழுந்து இரண்டுமுறை படிவரைக்கும் போய்த் திரும்பினார். கடைசியில் சோமன் ஒத்துக்கொண்டான். அட்டைப்பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டே, தோற்றுப்போன எரிச்சலில் கேலியாகக் கேட்டான்.

"எனக்க மானிட்டரை ஒக்க மஞ்சாக்கிட்டியளே அக்கா. அப்போ மேல அந்த டியூப்லைட்டுக்கும் மஞ்சு உண்டோ?"

சுகிர்தபாய் அண்ணாந்து பார்த்தாள்.

"உண்டு. சுத்தி வட்டம் வட்டமாட்டு, வானவில்லு கணக்கா நெறம். வீட்டுப் பல்புக்கும் உண்டு. கோயில்ல மெழுகுதிரிக்கும் உண்டு."

சோமனின் கை கயிற்றில் நின்றது. விஜயதாஸ் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "எல்லாத்துக்குமா? எப்போ முதல்?"

"இடவப்பாதி முதல்தான்."

அவருக்கு என்ன தோன்றியதோ, அவள் முன்னால் வந்து நின்று வலது உள்ளங்கையை அவளுடைய இடது கண்மேல் வைத்தார்.

"இப்போ என்னை நோக்கு. நான் தெரியுதேனா?"

"கையை எடுங்கோ" என்றாள் அவள். "ரெண்டு கண்ணையும் பொத்தினா எங்ஙன தெரியும்?"

அவளுடைய வலது கண் திறந்து அவர் முகத்துக்கு நேராக இருந்தது. விஜயதாஸ் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தார். அவள் விரலால் தன் வலது இமையைத் தொட்டுப் பார்த்தாள், அது திறந்திருந்தது. அதிலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அங்கிருந்து நேரே போன கண்ணாசுபத்திரியில் ஒரு பெண் டாக்டர், நடுவயசு. விளக்கடித்துப் பார்த்தாள், சொட்டு மருந்து விட்டுப் பார்த்தாள், கண்ணுக்குள் அழுத்தம் அளந்தாள். கண்ணுக்குள்ளே நீர் வடிகிற வழி அடைந்துபோனது, இருட்டில் அது இன்னும் அடையும், வெளிச்சத்தில் கொஞ்சம் திறக்கும், அதனால்தான் அந்தப் பனி வந்து வந்து போயிற்று என்றாள். வலது கண்ணின் நரம்பு செத்துவிட்டது. இடதை லேசர் வைத்துக் காப்பாற்றலாம், அதுவும் இப்போதே.

"அந்தத் தலைவேதனை வந்த நாளு, அல்லெங்கில் அடுத்த நாளு கொண்டு வந்திருந்தா இதையும் காப்பாத்தியிருக்கலாம். எங்கயும் காட்டலியா?"

"காட்டினேன் டாக்டரே" என்றாள் சுகிர்தபாய். "பனிண்ணு சொன்னேன்."

"பனிச்சோ? சூடு உண்டாயிருந்தோ?"

"சூடு இல்ல. கண்ணுல பனி. மஞ்சு."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தாள். விஜயதாஸ் அன்று ஊசி போட்ட ஆசுபத்திரிக்காரனைக் கெட்ட வார்த்தையால் திட்டத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். அன்று ராத்திரி நெற்றியில் கை வைத்து, பனி விட்டாச்சு என்று சொன்ன வாய் யாருடையது? ஆசுபத்திரிக்காரனுக்கு அந்தச் சொல்லின் கிழக்குப் பொருள் தெரியாது. இவருக்குத் தெரியும். இருபத்தேழு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லி அவளைக் கேலி பண்ணியவர் இவர்தான்.

லேசர் முடிந்து ரயிலில் திரும்பினார்கள். மழை விட்டு வெயில் அடித்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலராமபுரம் தாண்டியதும் அவரால் தாங்க முடியவில்லை.

"நீ ஒரு வாக்கு தெளிச்சுச் சொல்லியிருக்கலாமே சுகிர்தா. கண்ணு தெரியலண்ணு சொல்லியிருந்தா நான் சும்மா இருப்பேனா?"

"வேற என்னத்தச் சொன்னேன் இவ்வளவு நாளும்? பனி இருக்கு, பனி இருக்குண்ணு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது. நீங்க பெட்டியைத் தொடைச்சிய. பெட்டிக்கு வெளக்கு வச்சிய. பெட்டிக்குத் திருவனந்தபுரம் வரை போனிய." அவள் குரல் உயரவில்லை. "எனக்கும் அது பெட்டிக்க கொறவுண்ணுதான் தோணிச்சு. நீங்க அவ்வளவு உறப்பாட்டுச் சொன்னிய. உங்களுக்குத் தெரியாத சாமான் உண்டாண்ணு நெனச்சேன்."

எதிரே இருந்த பொம்பளை பார்க்கிறாள் என்ற வெட்கம்கூட இல்லாமல் விஜயதாஸ் அழுதார். சுகிர்தபாய் முந்தானை நுனியை அவர் கையில் கொடுத்தாள். தேற்றவில்லை. அவரைத் தேற்ற அவளிடம் அப்போது ஒன்றும் இருக்கவில்லை.

கன்னி மாதத்தில், புரட்டாசி பிறந்தபின், கடையைத் திறந்தார்கள். லிஜாவின் படிப்பு பாக்கி கிடந்தது, திறக்காமல் முடியாது. சோமன் மானிட்டரை பஸ்ஸில் அனுப்பியிருந்தான். விஜயதாஸ் அதை மேசைமேல் வைத்தார். அவள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இன்னும் இடத்தோட்டு" என்றாள். இடப்பக்கம் நகர்த்தினார். "இன்னும்." மேசை ஓரம்வரை வந்துவிட்டது. "போதும்." தாளை வைக்கிற சட்டத்தையும் இடப்பக்கம் மாற்றிக் கட்டினார். வலப்பக்கம் ஒன்றுமில்லாமல் வெறிச்சென்று கிடந்தது. சாயா வைக்கிறவர்கள்கூட இனி அங்கே வைக்கக்கூடாது என்று சாயாக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

அவள் மெதுவாக அடித்தாள். ஒவ்வொரு வரிக்கும் நின்று, முகத்தைத் திருப்பி, வாய்க்குள் படித்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். முன்பு அரைமணியில் முடிகிற மனுவுக்கு இப்போது உச்சிப்பொழுதாகிவிட்டது. கிருஷ்ணன்குட்டி வந்து ஒரு மனு கொடுத்துவிட்டு, அவசரமில்லை என்று சொல்லிப் போனார். அவர் கையிலிருந்த மற்ற மனுக்கள் எதிர்வரிசைக் கடைக்குப் போவதை விஜயதாஸ் பார்த்தார். குற்றம் சொல்ல முடியுமா? கேஸுக்குத் தவணை உண்டு, அது யாருக்காகவும் நிற்காது.

உச்சிக்குப் பிறகு பெருங்கடவிளையிலிருந்து பொன்னையன் வந்தார். எல்லைத் தகராறில் வருஷக்கணக்காகக் கோர்ட்டு ஏறுகிறவர். ஓணத்துக்கு மதுரையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டு அன்றுதான் திரும்பியிருந்தார், இங்கே நடந்தது ஒன்றும் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்து, சுகிர்தபாயின் முதுகுக்குப் பின்னாலிருந்து திரையைப் பார்த்தார்.

"கொள்ளாமே! புதுசாக்குமோ? எழுத்து என்னமாட்டு நிக்குது. எனக்க மருமகனும் ஒண்ணு வாங்கணும்ணு சொல்லிட்டு நடக்கான். தாஸு எடுத்தா ஏமாறாம எடுத்திருப்பாருண்ணு எனக்குத் தெரியும். சொல்லும், எவ்வளவு ஆச்சு?"

விஜயதாஸ் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எந்தச் சாமானுக்கும் இந்தக் கேள்விக்காகக் காத்திருந்து பதில் சொல்கிற மனிதர்.

"ஒரு கண்ணு ஆச்சு" என்றார்.

பொன்னையன் தொடையில் தட்டிச் சிரித்தார். "அப்படிண்ணா உம்மையும் ஒருத்தன் ஏமாத்திப்போட்டான்!"

சுகிர்தபாய் திரும்பிப் பார்க்கவில்லை. பாதியில் நின்ற வரியை ஒருமுறை வாய்க்குள் படித்துவிட்டு, அடுத்த வரியை அடிக்கத் தொடங்கினாள்.